கரையை அளந்த நாள்

தெலுங்குச் சீமை மாரெட்பள்ளியில் கிதியோன், யூனிஸ் தம்பதியைப் பற்றித் தெருவாசிகளிடம் ஒரு கேலி உண்டு. புருஷன் சர்க்கார் நிலத்தில் ஒரு ஈ காக்கையைக் கூட உட்கார விடமாட்டார்; பெண்டாட்டியோ அதே நிலத்துக்கு ஊரையே கூட்டி வந்து தோண்டச் சொல்லுவாள்.

கேலியானாலும் பொய்யில்லை. மல்லாபூர் பம்பு ஃபேக்டரி மத்திய சர்க்காருடையது. அதன் நிலம், குவார்ட்டர்ஸ், மரம், மதில் எல்லாவற்றுக்கும் காவல்தெய்வம் மாதிரி எஸ்டேட் ஆபீசர் கிதியோன். அந்த நிலத்துக்குள்ளேயே தூர்ந்துபோய்க் கிடந்தது பெத்த செருவு என்ற ஏரி. எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் வற்றிப்போக, ராஜ்ய சர்க்கார் வறட்சி நிவாரண வேலையாக அதைத் தூர்வாரச் சொன்னது. வேலையை நடத்தும் என்ஜினீயர் யூனிஸ்.

ஃபேக்டரி கேட்டைத் திறக்கவைக்க அவள் தன் சொந்தப் புருஷனோடு எத்தனை வாரம் மல்லுக்கட்டினாள் என்பது தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்: கடைசியில் கேட் திறந்தது. நானூறு பேர் உள்ளே போனார்கள். மண் வெட்டினார்கள்.

இன்று அளவு நாள். சூப்பரிண்டெண்டிங் என்ஜினீயர் ஜெகநாதன் நேரில் வருகிறார். வெட்டியதாகச் சொன்ன மண்ணை நிஜமாகவே வெட்டியிருக்கிறார்களா என்று அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் மழை வரும்வரை வேலை தொடரும். நானூறு வீட்டில் அடுப்பு எரியும். குறைந்தால் அன்றைக்கே வேலையை மூடிவிடுவார்கள். அந்த டிவிஷனில் ஒரு பெண்பிள்ளையை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. மூடினால், "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லப் பல பேர் காத்திருந்தார்கள்.

காலையில் டிபனுக்கு உட்கார்ந்தபோதே கிதியோன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. சலவைச் சட்டை, எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை. இட்லியைப் பிட்டு வாயில் போடுகிறார், சிரிக்கிறார்.

"மம்மி, டாடி கைக்கு ஹஸ்ரே?" என்றாள் மகள் ஹில்டா. பத்தாவது படிக்கும் பெண். தமிழில் பேசினால் நன்றாகப் புரியும். பதில் மட்டும் தக்கினி ஹிந்தியில்தான் வரும்.

"ஏன் சிரிக்காருன்னு அவருகிட்டயே கேளு. எவனாவது குவார்ட்டர்ஸ்ல கோழிக்கூடு கட்டியிருப்பான். நோட்டீஸ் குடுத்துட்டு வந்திருப்பாரு."

"ஹவ் ஹவ்," என்று ஆமாம் போட்டு ஹில்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோழிக்கூட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது நடந்த கதை. சர்க்கார் மண்ணில் ஒரு பப்பாளிக் கன்று தானாக முளைத்தாலும், யாரைக் கேட்டு முளைத்தாய் என்று கிதியோன் அதை விசாரிப்பார் என்பது தொழிலாளிகள் வட்டாரத்தில் அடிபடும் பேச்சு.

அவருக்குக் கோபம் வரவில்லை. "சிரிங்க, சிரிங்க. இன்னைக்குப் பெத்த செருவப் போய்ப் பாரு யூனி. உனக்கே அடையாளம் தெரியாது," என்றார்.

அப்போதே யூனிஸுக்குச் சந்தேகம் தட்டியது. நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேலைக்காரர்களுக்கு விடுமுறை. ஆராதனை பாதியில் இருக்கும்போது கிதியோன் எழுந்து போனவர் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் தண்ணீர்ப் பிரச்சினை என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்காமல் விட்டாள்.

இலாகா ஜீப் ஏரிக்கரையில் நின்றபோது அவள் இறங்காமல் உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

கரை நெடுகக் கல் வைத்து, ஒன்று விட்டு ஒன்று சுண்ணாம்பும் காவியும் பூசியிருந்தது. ஒரு ஷாமியானா. ஜெனரல் மேனேஜர் பங்களாவிலிருந்து வந்த குரோட்டன்ஸ் தொட்டிகள். அதெல்லாம் போகட்டும். ஏரியின் அடிப்பரப்பு முழுவதும், பெருக்கித் தண்ணீர் தெளித்த முற்றம் போலச் சமதளமாகக் கிடந்தது.

திட்டுகளைக் காணோம். ஒன்றைக் கூடக் காணோம்.

அந்தத் திட்டுகள் என்னவென்று சொல்லிவிட வேண்டும். மண் வெட்டும் ஒவ்வொரு கும்பலுக்கும் ஒரு குழி உண்டு. அதன் நடுவில், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவார்கள். சுற்றிலும் வெட்ட வெட்ட அது தூண் மாதிரி எழுந்து நிற்கும். தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். தூணின் உயரம்தான் குழியின் ஆழம். மேஸ்திரிகள் அதைச் சாட்சி என்பார்கள். அளவு முடிகிறவரை அதை யாரும் தொடக் கூடாது. தொட்டால், எவ்வளவு வெட்டினோம் என்று காட்ட வேறு வழியில்லை. பார்க்க அழகில்லாத பொருள். பல்லு விழுந்த வாயில் ஒற்றைப் பல் மாதிரி நிற்கும்.

ஒர்க் இன்ஸ்பெக்டர் சாரங்கபாணி வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

"மேடம், காலம்பற வந்து பார்க்கறேன், ஒண்ணு இல்லே. வாட்ச்மேனைக் கேட்டா, எஸ்டேட் சார் உத்தரவுங்கறான். டிராக்டர் விட்டு நேத்தெல்லாம் இடிச்சு நிரவியிருக்கா."

கிதியோன் ஷாமியானா ஓரமாக நின்றிருந்தார். பரிசு வாங்கப் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிற பிள்ளையின் நிற்பு.

"எப்படி இருக்கு?" என்றார்.

யூனிஸின் கண் எங்கேயாவது ஒரு திட்டு மிஞ்சியிருக்கிறதா என்று தேடியது.

"நீயே சொல்லு. குண்டும் குழியுமா, மேடும் பள்ளமுமா பெரிய ஆபீசர் வந்து பாத்தா உன்னப் பத்தி என்ன நினைப்பாரு? உங்க ஆளுங்க மேட்ட வெட்டாம அங்கங்க விட்டுட்டுப் போயிருந்தாங்க. நான்தான் நின்னு நிரவ வச்சேன்."

"அது விட்டுட்டுப் போன மேடு இல்ல," என்றாள் யூனிஸ். தன் குரல் இவ்வளவு அமைதியாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது. "அளவுக்காக நிறுத்தி வச்சது. அத வச்சுதான் இன்னைக்கு அளப்பாங்க. இனிமே எங்க ஆளுங்க ஒரு கூடை மண்ணு வெட்டினாங்கன்னு கூடக் காட்ட முடியாது."

கிதியோனின் முகம் சுண்ணாம்பு பூசிய கல் மாதிரி ஆயிற்று.

பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் கல்லுக்குச் சுண்ணாம்பு, புல்லுக்குக் கத்தரி, மேட்டுக்கு டிராக்டர்: எஸ்டேட்காரன் புத்திக்கு அதற்கு மேல் ஓடாது. இருபது வருஷமாக அதைச் செய்துதான் அவர் நல்ல பெயர் வாங்கினார். அதே நல்ல பெயரைப் பெண்டாட்டிக்கும் வாங்கித் தரப் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"யாரும் எனக்குச் சொல்லலியே, யூனி."

"நீங்க யாரையும் கேக்கலியே."

சாரங்கபாணி இருவருக்கும் நடுவில் மெல்லப் புகுந்தார். "மேடம், பெரியவர் வர இன்னும் நேரம் இருக்கு. ஆளும் இருக்கா. மண்ணைக் குவிச்சுத் தண்ணி அடிச்சுத் தட்டி, தலையிலே புல் பத்தையை வெச்சுட்டா போறும். பழைய திட்டாட்டமே இருக்கும். எத்தனையோ சைட்லே பண்ணிண்டிருக்கா."

"எத்தனையோ சைட்ல பண்ணினதாலதான் இன்னைக்கு அவரே அளக்க வாராரு," என்றாள் யூனிஸ். "நாம வெட்டினது நெசம், சார். நெசத்துக்கு எதுக்குப் பொய்ய முட்டுக் குடுக்கணும்? வேண்டாம்."

சாரங்கபாணி தலையைச் சொறிந்துகொண்டு விலகினார்.

வேலைக்கு வந்தவர்கள் கரையில் கூடிவிட்டார்கள். மம்பட்டியைக் கையில் எடுக்காமல் தட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கும்பலுக்கு மேஸ்திரி யாதம்மா எழுந்து வந்தாள். வேலை நின்றுபோய்விடுமா மேடம்மா என்று தெலுங்கில் கேட்டாள்.

"லேது, யாதம்மா. நிக்காது," என்றாள் யூனிஸ். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்ன வாய்க்கு ஒரு வழி கண்டுபிடித்துத்தானே ஆகவேண்டும்?

அவள் கரைமேல் ஏறி நின்றாள். வெட்டின குழியை அளக்க முடியாது, சரி. ஆனால் வெட்டின மண் காற்றில் கரைந்தா போயிற்று? முக்கால்வாசி இந்தக் கரையில்தான் கிடக்கிறது. பழைய கரை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று வேலை ஆரம்பிக்குமுன் ஜெகநாதனே வந்து அளந்து குறித்துக்கொண்டு போயிருக்கிறார். இப்போது இருப்பதை அளந்து பழையதைக் கழித்தால் ஏறின மண் தெரிந்துவிடும். பாக்கிக் கால்வாசி எஸ்டேட் டிராக்டரில் குவார்ட்டர்ஸ் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போயிற்று.

அவள் இறங்கி வந்து கிதியோனிடம் சொன்னாள். "வழி கிடைச்சுட்டுது. கரைய அளக்கச் சொல்லுதேன். அப்புறம் உங்க பள்ளத்துல போட்ட மண்ண அளக்கச் சொல்லுதேன். ரெண்டும் சேந்தா கணக்கு சரியாயிரும்."

கிதியோன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தப் பள்ளத்தப் பத்தி மட்டும் பேசாத, யூனி."

"ஏன்?"

"அதுக்குச் சாங்ஷன் இல்ல."

யூனிஸ் தன் காதை நம்பவில்லை. சர்க்கார் நிலத்தில் ஒரு கூடை மண்ணை அள்ளுவதானாலும் கொட்டுவதானாலும் ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும். அந்தச் சட்டத்தை வீட்டிலும் வெளியிலும் மந்திரம் மாதிரி ஜெபிக்கிற மனுஷர் இவர்.

"ஊரானுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? கோழிக்கூட்டப் பிரிச்சுப் போட்டீங்களே, அந்த ஆளு கேட்டான்னா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஃபவுண்டரிச் சாம்பலும் கசடும் கொட்டி வச்ச பள்ளம் அது. குவார்ட்டர்ஸ் புள்ளைங்க அதுலதான் விளையாடும். போன வருசம் ஒரு சின்னப் புள்ள விழுந்து காலெல்லாம் கிழிச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். மூணு வாட்டி ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். பரிசீலனையில இருக்காம். உன் மண்ணு கண்ணு முன்னால குவிஞ்சு கிடந்துது. கை சும்மா இருக்கல. டிராக்டர விட்டுட்டேன்."

யூனிஸுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே இன்னொன்றும் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரை ஒரு வேலி என்றே நினைத்திருந்தாள். வேலிக்குள்ளும் ஒரு மனுஷர் இருந்திருக்கிறார். அதை நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இந்த நேரத்தில் வந்து தொலைத்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

"மெமோ குடுப்பாங்க. சஸ்பெண்ட் பண்ணுனாலும் பண்ணுவாங்க. எஸ்டேட் ஆபீசரே நிலத்த மாத்தினா, அப்புறம் யாரு காவல்?"

கேட் பக்கம் கார் ஹாரன் கேட்டது. ஜெகநாதனின் ஜீப்புக்குப் பின்னால் ஜெனரல் மேனேஜர் சந்திரமோகனின் அம்பாசடர்.

"பள்ளத்தப் பத்தி நான் பேசல," என்று சொல்லிவிட்டு யூனிஸ் முன்னால் நடந்தாள்.

ஜெகநாதன் குட்டையான மனிதர், கையில் பிரம்பு. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட எத்தனை கல் குறைகிறது என்று சொல்லுவார் என்று பெயர் வாங்கியவர். காப்பி வேண்டாம் என்றார். ஷாமியானா நாற்காலியும் வேண்டாம் என்றார். நேராகக் கரைமேல் ஏறி ஏரியைப் பார்த்தார்.

"திட்டு எங்கம்மா?"

"இல்லை, சார். நேத்து லெவல் பண்ணிட்டாங்க. சைட் என்னோடது. பொறுப்பும் என்னோடது."

"என் ஆளுங்கதான் சார் பண்ணினாங்க. தெரியாமப் பண்ணிட்டாங்க," என்று கிதியோன் பின்னாலிருந்து சொன்னார்.

ஜெகநாதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தக் கதையை நான் நெறையக் கேட்டிருக்கேன். சரியா வெட்டின இடத்துல திட்டு கம்பீரமா நிக்கும். குறைச்சலா வெட்டின இடத்துலதான் அது காணாமப் போகும். நான் என்ன எழுதட்டும்?"

"எதுவும் எழுத வேண்டாம், சார். வெட்டின மண்ணையே அளந்துடுங்க," என்றாள் யூனிஸ். "கரையில கிடக்கு. பழைய கரையை நீங்களே அளந்திருக்கீங்க."

பெரியவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பிரம்பால் சாரங்கபாணியைச் சுட்டினார். "டேப்பை எடுங்க."

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இடம் இடமாக நிறுத்தி அளந்தார்கள். உயரம், மேல் அகலம், அடி அகலம். ஜெனரல் மேனேஜர் ஷாமியானா நிழலில் உட்காராமல் கூடவே நடந்தார். அவருக்கும் சுவாரசியம் பிடித்துவிட்டது. வேலைக்காரர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. டேப் நகரும் பக்கமெல்லாம் அந்தக் கூட்டமும் சத்தமில்லாமல் நகர்ந்தது.

வெட்டிக் கொட்டிய உதிரி மண் உப்பி அளவைக் கூட்டிக் காட்டும். அதற்கு உரிய கழிவையும் போட்டு ஜெகநாதன் கணக்கு முடித்தார்.

"நீங்க சொன்னதுல முக்கால் பங்கு இருக்கும்மா. நல்ல வேலைதான், ஒத்துக்கறேன். கால் பங்கு எங்க?"

யூனிஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பாமல் கரையையே பார்த்தாள்.

"மண்ணுக்குக் கால் முளைச்சுதா? விவசாயிகள் வண்டியில எடுத்துட்டுப் போனாங்களா? ஏதாவது சொல்லுங்க."

அவள் யாதம்மாவைப் பார்த்தாள். யாதம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வேலை நிற்கப்போகிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் பாஷையும் தேவையில்லை. அவள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். நானூறு வீட்டு அடுப்பு ஒரு பக்கம். ஒரு மனுஷர் ஒரு பக்கம். என்ன சொல்லியிருப்பாள் என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தபோதும் யூனிஸுக்குத் தெரியவில்லை.

"அப்ப சரி," என்று ஜெகநாதன் பேனாவைத் திறந்தார். "அளவு குறையறது. வேலையை நிறுத்தி..."

"கால் பங்கு என்கிட்ட இருக்கு, சார்."

கிதியோன்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார்.

"உங்ககிட்டயா?" என்றார் ஜெகநாதன்.

"குவார்ட்டர்ஸ் பின்னால ஒரு சாம்பல் பள்ளம் இருந்துது, சார். இந்த மண்ண எடுத்துப் போட்டுத் தூர்த்துட்டேன். இப்ப அது புள்ளைங்க விளையாடுற கிரவுண்டு. வாங்க, காட்டுதேன்."

சந்திரமோகன் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் கிதியோன், யார் பெர்மிஷன் குடுத்தது?"

"யாரும் குடுக்கல, சார். நான் கேக்கவும் இல்ல."

ஜெனரல் மேனேஜரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜெகநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். பிறகு யூனிஸிடம் தாழ்ந்த குரலில், "தைரியமான ஆளா இருக்காரே. இவரை உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

யூனிஸ் தாழ்ந்த குரலில் பதில் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரர், சார்," என்றாள், கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

எல்லோரும் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார்கள். பள்ளம் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு மைதானம். மூங்கில் நட்டுக் கோல் போஸ்ட் வைத்திருந்தார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எஸ்டேட் சாரைக் கண்டதும் பந்தைக் கூட எடுக்காமல் ஓட்டம் பிடித்தார்கள்.

"எவ்வளவு ஆழம் தூர்த்திருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஜெகநாதன்.

"தோண்டினாத் தெரிஞ்சிரும், சார். செருவு மண்ணு பழுப்பு. அடியில பூராவும் ஃபவுண்டரிச் சாம்பல், கன்னங்கரேல்னு கிடக்கும். பழுப்பு எதுவரைக்கும் போகுதோ அதுதான் ஆழம். எங்க வேணும்னாலும் காட்டுங்க, தோண்டுவோம்."

ஜெகநாதன் வேண்டுமென்றே மூலை முடுக்குகளாகப் பார்த்துப் பிரம்பால் குத்திக் காட்டினார். யாதம்மாவின் கும்பல் கடப்பாரையோடு இறங்கியது. காலையிலிருந்து சும்மா இருந்த கை, பொறி பறந்தது. பழுப்பு மண் இடுப்பளவு வந்தது. அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரிக் கறுப்பு.

குழிக்குள் இறங்கி டேப்பின் அடி நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். சாரங்கபாணி கரையிலேயே களைத்து உட்கார்ந்துவிட்டார். கிதியோன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சலவைச் சட்டையோடு குழியில் இறங்கினார். மண்டியிட்டார்.

"இழுத்துப் பிடிங்க. வளையக் கூடாது," என்றாள் மேலேயிருந்து யூனிஸ்.

"பிடிச்சாச்சு."

அவள் அளவைக் கூவினாள், ஜெகநாதன் எழுதிக்கொண்டார். குழி மாற்றிக் குழி, கிதியோன் இறங்கினார், ஏறினார். ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். யாருடைய கோழிக்கூட்டைப் பிரித்தாரோ அந்த ஆளும் அதில் இருந்தான். முழங்கால் வரை சாம்பல் அப்பிக்கொண்டு, பெண்டாட்டி சொல்கிறபடி டேப் பிடிக்கும் எஸ்டேட் ஆபீசரைப் பார்த்து ஒருத்தனும் சிரிக்கவில்லை. கடைசிக் குழியிலிருந்து அவர் ஏறத் தடுமாறியபோது, அந்தக் கோழிக்கூட்டுக்காரன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ஜெகநாதன் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

"சரியா இருக்கு. சொல்லப்போனா, ஒரு பிடி கூடவே இருக்கு," என்றார். "வேலை நிக்க வேண்டாம். மழை இறங்கற வரைக்கும் நடத்துங்கம்மா. ஆனா ஒண்ணு, அடுத்த தடவை திட்டை இடிச்சா நான் கரையும் பாக்க மாட்டேன், கிரவுண்டும் பாக்க மாட்டேன்."

"இடியாது, சார்."

யூனிஸ் திரும்பித் தெலுங்கில் யாதம்மாவிடம் சொன்னாள். யாதம்மா கூட்டத்துக்குச் சொன்னாள். அடுத்த கணம் நானூறு பேரும் ஏரியைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அரை நாள் வேலையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். அந்த நடையைப் பார்த்து யூனிஸுக்கு நெஞ்சு விம்மியது. இவ்வளவு காலம் படித்ததும், பாதிச் சாப்பாட்டில் ஓடினதும், ஆபீசில் கேட்ட பேச்செல்லாம் பொறுத்துக்கொண்டதும் இதற்காகத்தான் என்று தோன்றியது.

ஜெனரல் மேனேஜர் காரில் ஏறுமுன் கிதியோனைக் கூப்பிட்டார். யூனிஸும் கூடவே போனாள். அவர் தடுக்கவில்லை.

"கிரவுண்டு நல்லாத்தான் இருக்கு, கிதியோன். அதை நான் மறுக்கல. ஆனா நிலம் உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல. வியாழக்கிழமை டெல்லியிலேருந்து எஸ்டேட் டைரக்டர் வர்றார். நடந்ததை அவர்கிட்ட நான் சொல்லியாகணும். பழையபடி பள்ளமாக்குன்னு அவர் சொன்னா, டிராக்டரை விட்டு வாரிப்போட வேண்டியது நீங்கதான். உங்க வேலை என்ன ஆகும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"சரி, சார்," என்றார் கிதியோன்.

கார் போயிற்று. மைதானத்தின் நடுவில் இருவர் மட்டும் நின்றார்கள். கிதியோன் சட்டையில் ஒட்டின சாம்பலைத் தட்டினார். அது இன்னும் கொஞ்சம் பரவியது.

"வேலையவிட்டுத் தூக்கிட்டாங்கன்னா?" என்றார்.

"மழை வர வரைக்கும் பெத்த செருவுல ஆள் எடுக்கோம். டேப் நல்லாத்தான் பிடிக்கிய."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது நீடிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து கோழிக்கூட்டுக்காரன் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம், ஆணும் பெண்ணுமாக. அவன் பெயர் ஆரோக்கியசாமி, ஃபவுண்டரியில் அச்சுப் பிடிக்கும் மோல்டர்.

"சார், ஜி.எம். சொன்னது கேட்டுச்சு," என்றான் ஆரோக்கியசாமி. "வியாழக்கிழம டிராக்டர் வந்தா நாங்க எல்லாரும் இந்த கிரவுண்டுல உக்காந்துருவோம். புள்ளகுட்டியோட. மண்ண அள்ள விட மாட்டோம். முன்கூட்டியே உங்ககிட்ட சொல்லிரணும்னு வந்தோம்."

கிதியோன் சட்டையைத் தட்டுவதை நிறுத்தினார். அவர் முதுகு மெல்ல நிமிர்ந்தது. மறுபடியும் எஸ்டேட் ஆபீசராகிவிட்டார்.

"உக்காரக் கூடாது, ஆரோக்கியசாமி. இது சர்க்கார் நிலம். உத்தரவில்லாம உக்காந்தா அத்துமீறல். நீ எனக்காக உக்காந்தாலும் சரி, நானே வந்து ஒவ்வொருத்தரா எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்புவேன்."

ஆரோக்கியசாமி தலை குனிந்தான். அவர் சொன்னால் செய்கிறவர் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

யூனிஸ் டேப்பைச் சுற்றி முடித்துச் சாவகாசமாகப் பையில் போட்டாள்.

"எழுப்புங்க," என்றாள் தன் புருஷனிடம். "வியாழக்கிழம நான் லீவு போட்டுட்டு வந்து முதல் ஆளா உக்காருதேன். என்ன எழுப்பிட்டு, அப்புறம் மத்தவங்கள எழுப்புங்க."